விரலுக்கும் செவிக்கும் ஒரு தமிழ்ப் பாடநூல்: மாற்றுவடிவச் சேவை ஒன்றின் மதிப்பீடு

சிங்கப்பூரில் பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்காக அச்சுப் பாடநூல்களை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளியெழுத்தாகவும் மின்னூலாகவும் பெரிய எழுத்துப் பதிப்பாகவும் மாற்றித் தரும் ஒரு சிறு குழுவிடம், உயர்நிலை ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலையும் அதன் பயிற்சி நூலையும் கொடுத்து, மூன்று வடிவங்களிலும் வாங்கினோம். சென்ற பள்ளியாண்டு முழுவதும் என் துணைப்பாட வகுப்பில் அவற்றைத்தான் பயன்படுத்தினோம். நான்கைந்து பேர் மட்டுமே உழைக்கும் குழு அது; நிறையோடு குறையையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வேலையை வேறு யாரிடமாவது கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும், எதைப் பார்த்து வாங்கவேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது இதிலிருந்து தெரியவரும் என நம்புகிறேன்.

என் வகுப்பில் இருவர். மாணவி பிறவியிலேயே பார்வையற்றவர். தொடக்கப்பள்ளிக் காலத்திலேயே ஆங்கிலப் பிரெயிலும் தமிழ்ப் பிரெயிலும் கற்றவர். மடிக்கணினியில், திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானையும், புள்ளிகள் எழுந்து தாழும் இருபது கட்ட மின் பிரெயில் கருவியையும் (ஒரு கட்டம் என்பது ஆறு புள்ளிகளுக்கான இடம்) பயன்படுத்துபவர். மாணவருக்குக் குறைபார்வை, எழுத்தைப் பெரிதாக்கினால் கண்ணால் படிப்பார், அரை மணி நேரத்துக்குப் பிறகு கண் சோர்ந்துவிடும், அப்போது குரலுக்கு மாறிக்கொள்வார். ஒரே புத்தகத்தை இந்த இருவரும் முற்றிலும் வேறு வழிகளில் படிப்பதால் மூன்று வடிவங்களையும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தானாகவே அமைந்தது.

ஆங்கிலப் புத்தகம் என்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை. 2013ஆம் ஆண்டு மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் உருவான உடன்படிக்கை, அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காகப் புத்தகங்களை மாற்றுவடிவில் உருவாக்கவும், உருவாக்கியதை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பவும் பதிப்புரிமைச் சட்டங்கள் வழிவிட வேண்டும் என்கிறது. அதை முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014இல். சிங்கப்பூர் 2015இல் இணைந்தது. 2016 செப்டம்பர் 30 முதல் உடன்படிக்கை நடப்புக்கு வந்தது. புக்‌ஷேர் போன்ற இணைய நூலகங்களில் இலட்சக்கணக்கான ஆங்கில நூல்கள் கிடைக்கின்றன. இந்தியாவில் 2016இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயாவில் தமிழ் நூல்களும் உள்ளன. ஆனால் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டம் சிங்கப்பூருக்கு மட்டுமே உரியது. தமிழகத்துப் பாடநூல் எத்தனை நன்றாக மாற்றப்பட்டிருந்தாலும், இங்கே வகுப்பில் கருத்தறிதல் பகுதி 3ஐ எடுங்கள் என்று ஆசிரியர் சொல்லும்போது அது உதவாது. இந்த நூலை இந்த ஊரில் யாராவது மாற்றினால்தான் உண்டு. உலகில் வேறெவரும் செய்யப்போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இப்படியொரு குழு இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அந்த மதிப்பு, செய்த வேலையை ஆராயாமல் விடுவதற்குச் சலுகை ஆகாது.

முதலில் எழுத்து. தமிழ்ப் பாடநூலின் பிடிஎஃப் கோப்பு கையில் இருந்தால் போதும், அதை அப்படியே திரைவாசிப்பானிடம் கொடுத்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பக்க வடிவமைப்புக்குப் பயன்படும் எழுத்துருக்கள் பல, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறிமுறையான ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய காலத்து முறையில் அமைந்தவை. திரையில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக விழும். ஒருங்குறியிலேயே அமைந்த கோப்பாக இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி, "கொடி" என்பது "ெகாடி" என்று வெளிவருவது வழக்கம். அச்சைப் படமெடுத்து எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் வேறு தொல்லை: அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை என்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். இக்குழு இவற்றை நம்பாமல் பாடப்பகுதிகளைத் தட்டச்சு செய்து, அச்சு நூலோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்திருக்கிறது. ஒரு முழுப் பாடத்தை நான் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டேன். பாடத்தின் உரைநடையில் பிழை மிக அரிது.

தப்பிவந்த பிழைகள் எல்லாம் கண் காணாதவை. "கௌரவம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து "கெளரவம்" என்று அடித்திருந்தார். திரையில் இரண்டும் ஒன்றே. மெய்ப்புப் பார்த்தவரும் அச்சு நூலோடு ஒப்பிட்டுச் சரி என்றே குறித்திருப்பார். ஆனால் திரைவாசிப்பான் அதை "கெ-ள-ர-வம்" என்று வாசித்தது. பிரெயிலில் ககரத்துக்கு அடுத்து 2, 4, 6 ஆகிய புள்ளிகள் கொண்ட ஒரே கட்டம் வரவேண்டிய இடத்தில், எகரத்துக்கு ஒன்று, ளகரத்துக்கு ஒன்று என இரண்டு கட்டங்கள் வந்து நின்றன. மாணவி விரலை எடுக்காமல் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன சொல் டீச்சர்?" என்று கேட்டார். பார்வையுள்ளவர்கள் ஆயிரம் பேர் படித்தாலும் அகப்படாத பிழை அது. மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என இந்த வகைச் சொற்கள் எல்லாவற்றையும் தேடித் திருத்தும்படி எழுதினேன். அடுத்த தொகுதியில் அந்தப் பிழை முற்றாக நீங்கியிருந்தது.

பிரெயில் பதிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தமிழ்ப் பிரெயில், 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையைச் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. அச்சில் மெய்க்கு முன்னும் பின்னுமாக ஏறி உட்காரும் கொம்பும் காலும் இங்கே கிடையாது; மெய்க்குப் பின் உயிர், ஒலிக்கும் வரிசையிலேயே வரும். "கொ" என்றால் ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவுதான். ஒற்றெழுத்தானால் புள்ளி 4 மட்டும் உள்ள கட்டம் மெய்க்கு முன்னால் நிற்கும். ஒருவகையில் அச்சைவிட ஒழுங்கானது. ஆனால் ஆங்கிலப் பிரெயிலில் இருப்பதுபோலச் சுருக்க வடிவங்கள் இந்த நூலில் பயன்படாததால் இடம் மிகுதியாகப் பிடிக்கிறது. "பள்ளிக்கூடத்திற்கு" என்ற ஒரு சொல் அச்சில் பத்து எழுத்து. பிரெயிலில் பதினெட்டுக் கட்டம். மாணவியின் கருவியில் ஒரு வரிக்கு இருபது கட்டங்களே இருப்பதால், அந்த ஒரு சொல்லோடு வரி முடிந்துவிடுகிறது. கருத்தறிதல் பகுதியைக் கருவியில் படிப்பது ஏன் நேரமெடுக்கிறது என்பதைப் பள்ளியில் உள்ளவர்களுக்கு விளக்க நான் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

ஆகவே தாளில் அச்சிட்ட பிரெயிலும் தேவைப்படுகிறது. வழக்கமான பெரிய பிரெயில் தாளில் வரிக்கு நாற்பது கட்டம், பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. கனத்த தாள். கையடக்கமான பாடநூல் தடித்த தொகுதிகள் பலவாகப் பெருகிவிட்டது. பள்ளிப் பையில் அடங்காத அளவு என்பதால் எம்ஆர்டி ரயிலில் எடுத்துச் செல்வது பெரும்பாடு. குழுவினர் ஒவ்வோர் அலகையும் தனித்தனியாகச் சுருள்கம்பியில் கட்டித் தந்தது நல்ல யோசனை. அன்றன்றைக்குரிய அலகை மட்டும் கொண்டுபோகலாம். அட்டையில் அச்செழுத்திலும் பிரெயிலிலும் அலகின் பெயர் உள்ளது. வீட்டில் அம்மா எடுத்துக் கொடுக்கவும் முடிகிறது, மாணவி தானே தேடி எடுக்கவும் முடிகிறது.

முதல் தொகுதியில் எனக்குக் கடுங்கோபம் ஏற்படுத்திய பிழை எண்களில் இருந்தது. பிரெயிலில் எண்களுக்குத் தனி வடிவம் இல்லை. எண்குறி ஒன்றை முன்னால் இட்டால், ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளின் வடிவங்களே எண்களாகிவிடும். அந்தப் பத்தில் 9க்கு உரிய வடிவம் புள்ளிகள் 2, 4. தமிழ் இகரத்தின் வடிவமும் அதுவே. ஆகவே "2015இல்" என்பதை இடைவெளி விடாமல் அப்படியே மாற்றினால், விரலுக்கு அது 20159 என்று படுகிறது; பின்னால் ஓர் "ல்" அநாதையாக நிற்கிறது. சிங்கப்பூர் வரலாற்றைப் பற்றிய ஒரு பாடத்தில் ஆண்டுகள் வரும் இடமெல்லாம் இப்படியே இருந்தது. "1965ஆம்" போன்றவை தப்பித்தன, ஏனெனில் ஆகாரத்தின் வடிவம் எந்த எண்ணோடும் மோதவில்லை. மென்பொருளின் மாற்றத்தை அப்படியே நம்பி, பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கியது. கேட்டபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அந்த அலகை மறுபடி அச்சிட்டுத் தந்ததோடு, அதன்பின் பார்வையற்ற ஒருவரையே மெய்ப்பாளராக அமர்த்தினார்கள். இரண்டாம் தொகுதி முதல் எண்ணுக்கும் இகரத்துக்கும் நடுவே இடைவெளி வந்துவிட்டது. இந்த மெய்ப்பாளரை முதலிலேயே அமர்த்தியிருக்க வேண்டும். சமைத்தவர் ருசி பார்க்காமல் பந்தியில் பரிமாறுவதற்கு ஒப்பானது, பிரெயில் படிப்பவர் தொடாத பிரெயில் நூலை விற்பது.

"குரலில் கேட்டால் போதாதா, எதற்கு இத்தனை தாளும் செலவும்?" என்று மாணவியின் உறவினர் ஒருவர் கேட்டார். பிற பாடங்களுக்கு என்ன விடையோ எனக்குத் தெரியாது; தமிழுக்குப் போதாது என்று உறுதியாகச் சொல்வேன். கரை, கறை, அரம், அறம், பனி, பணி. சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பேச்சில் இவற்றின் வேறுபாடு ஏற்கெனவே மங்கிவிட்டது. கணினிக் குரலும் ரகரத்தையும் றகரத்தையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது. காதால் மட்டுமே தமிழ் கற்கும் பிள்ளைக்கு எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது ஊகமாகவே நின்றுவிடும். விரலிலோ ல, ழ, ள மூன்றும் தெளிவாக வெவ்வேறு: லகரம் 1, 2, 3, ழகரம் 1, 2, 3, 5, 6, ளகரம் 4, 5, 6. லகரமும் ளகரமும் கட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இரண்டு செங்குத்துக் கோடுகள். இவற்றைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. என் மாணவி எழுத்துப்பிழை விடுவது, கண்ணால் படிக்கும் அவருடைய வகுப்புத் தோழர்கள் பலரைவிடக் குறைவு. ஒலி வேறுபாட்டுச் சொற்கள் பற்றிய பயிற்சியைப் பிரெயிலில் செய்தபோது ஓரிடத்தில் மட்டும் தயங்கினார்: விடைத் தெரிவாக ணகரம் தனித்து நின்றது. எண்குறியும் ணகரமும் ஒரே வடிவம் என்பதால், அடுத்து ஏதோ எண் வரப்போகிறது என்று விரல் காத்திருந்தது. எந்தச் சொல்லும் ணகரத்தில் தொடங்காது என்பதால் பாடப்பகுதியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை; பயிற்சியில்தான் எழும்.

மின்னூல் வடிவம், மின்னூல்களுக்கான இபப் (EPUB) வகைக் கோப்பாக வந்தது. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் தோரியம் செயலியில் திறந்து பயன்படுத்தினோம். தலைப்புகள் தலைப்புகளாகவே குறிக்கப்பட்டிருப்பதால் மாணவி ஒரே விசையில் அலகிலிருந்து அலகுக்குத் தாவுகிறார். அதைவிட முக்கியமானது பக்க எண். அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும் இடம் கோப்பினுள் குறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் "பக்கம் 47" என்றால் மாணவி 47 என்று தட்டி அங்கே போய்விடுகிறார். பக்கத்தில் இருப்பவர் கைபிடித்துக் காட்ட வேண்டியதில்லை. பிரெயில் தாளிலும் அச்சுப் பக்க எண் மேல் மூலையில் உள்ளது. இதற்கு முன் வேறிடத்தில் வாங்கிய ஒரு கோப்பில் பக்க எண்ணே இல்லை. சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் வகுப்பில் அது பயனற்றுப் போனது. ஒரு குழுவின் வேலையை ஒரே நிமிடத்தில் சோதிக்க வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மின்னூலோடு ஒலிக்கோப்புகளும் தந்தார்கள். மனிதக் குரல் அன்று, கணினிக் குரல். மைக்ரோசாஃப்ட்டின் குரல் சேவையில் சிங்கப்பூர்த் தமிழுக்கென்றே அன்பு, வெண்பா என இரு குரல்கள் உள்ளன. அவற்றில் வெண்பாவைப் பயன்படுத்தியிருந்தார்கள். உரைநடை கேட்க இதமாகவே இருக்கிறது. ஊர்ப் பெயர்களில்தான் தடுமாற்றம். பிடோக், பீஷான், புக்கிட் பாத்தோக் என்று தமிழில் எழுதும்போது வல்லினம் எங்கே அழுந்தும், எங்கே மெலியும் என்பது எழுத்தில் இல்லை. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அது தானாகத் தெரியும், இயந்திரத்துக்கு ஊகம்தான். செய்யுள் பகுதியில் நிலைமை மோசம்: குறளின் ஏழு சீர்களையும் செய்தி வாசிப்பதுபோல ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறது. செய்யுள்களை மட்டுமாவது ஓர் ஆசிரியரைக் கொண்டு வாசித்துப் பதிவுசெய்திருக்கலாம். ஒரு பிற்பகல் வேலை. கடைசியில் அவற்றை நானே கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன்.

பயிற்சி நூல்தான் உண்மையான சோதனை. பாடத்தை மாற்றுவது பெரும்பாலும் தட்டச்சும் பொறுமையும். பயிற்சியை மாற்றுவதற்குத் தமிழாசிரியரின் மூளை வேண்டும். அச்சில் உள்ள பயிற்சி ஒவ்வொன்றும் கண்ணை நம்பி எழுதப்பட்டது. கோடிட்ட இடத்தை நிரப்புக என்பதில் அடிக்கோடுகள் வரிசையாக நிற்கும். திரைவாசிப்பான் அவற்றை ஒவ்வொன்றாக உச்சரித்துக் கழுத்தறுக்கும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப் போகும். இவர்கள் கோடுகளை நீக்கிவிட்டு "இடம் 1", "இடம் 2" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். காதுக்கும் விரலுக்கும் தெளிவு. பொருத்துக பகுதியில் இரண்டு நிரல்களை அருகருகே வைக்காமல், இடப்பக்கச் சொற்களுக்கு எண்ணும் வலப்பக்கச் சொற்களுக்கு எழுத்தும் கொடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளனர். "பத்தியில் தடித்த எழுத்தில் உள்ள சொற்களின் பொருளை எழுதுக" என்ற கேள்விக்கு, அந்தச் சொற்களைக் கேள்வியின் கீழேயே எடுத்துத் தந்து, ஒவ்வொன்றும் எந்தப் பத்தியில் வருகிறது என்றும் குறித்திருக்கிறார்கள். இது சொல்லிக் கொடுத்து வருவதன்று. கேள்வி எதைச் சோதிக்கிறது என்று யோசித்துச் செய்த வேலை. குறுக்கெழுத்துப் புதிரில் மட்டும் கைவிட்டுவிட்டார்கள்: "இப்பயிற்சி காட்சி சார்ந்தது" என்று ஒரே வரி. குறிப்புகளையும், ஒவ்வொரு விடைக்கும் எத்தனை எழுத்து, எந்த எழுத்து எந்த விடையோடு வெட்டுகிறது என்பதையும் எழுத்தில் கொடுத்திருந்தால் மாணவி செய்திருப்பார். வகுப்பில் எல்லாரும் சிரித்துக்கொண்டு செய்யும் ஒரே பயிற்சியை அவரிடமிருந்து எடுத்துவிட்டது வருத்தமே.

படங்களுக்கு வருவோம். சிங்கப்பூரின் தமிழ்ப் பாடநூலில் படம் அலங்காரம் மட்டுமன்று. பாதிப் பாடம் படத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பேசு, படத்தைக் கொண்டு கட்டுரை எழுது, விளம்பரத்தைப் பார்த்து விடையளி என்று கேள்விகளே படத்திலிருந்து பிறக்கின்றன. அதனால் படக்குறிப்பு எழுதுபவர் கத்திமேல் நடக்கவேண்டும்: குறைத்துச் சொன்னால் மாணவிக்குப் பேச ஒன்றும் இருக்காது, கூட்டிச் சொன்னால் விடையே வெளிப்பட்டுவிடும்.

உணவங்காடி நிலையப் படம் ஒன்று. அதன் கீழுள்ள கேள்வி, சிறுவன் செய்யும் நற்செயல் எது, மற்றவர்களிடம் இல்லாத எந்தப் பண்பு அவனிடம் உள்ளது என்பது. முதலில் வந்த குறிப்பு இப்படி இருந்தது: "உணவங்காடியில் சிறுவன் ஒருவன் பொறுப்புணர்வுடன் தட்டைத் திருப்பி வைக்கிறான், மற்றவர்கள் அக்கறையின்றிச் செல்கின்றனர்." மாணவி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், விடையை அவங்களே எழுதிட்டாங்க." திருத்தி வந்த குறிப்பு: "உணவங்காடி. ஒரு மேசையில் காலிக் கிண்ணங்களும் தட்டுகளும் கிடக்கின்றன. அந்த மேசையிலிருந்து இருவர் எழுந்து செல்கின்றனர். சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டுகளை அடுக்கும் இடத்தை நோக்கி நடக்கிறான்." கண்ணுக்குத் தெரிவது மட்டுமே இதில் உள்ளது, பண்பைக் கண்டறியும் வேலை மாணவிக்கே மிஞ்சுகிறது. இந்த இரண்டாவது குறிப்பின் தரத்தில் நூல் முழுவதும் இருந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்கவே மாட்டேன். சில அலகுகளில் அப்படி இருக்கிறது. சிலவற்றில் வேறு கை எழுதியது தெரிகிறது. பக்கத்தின் ஓரத்தில் அழகுக்காக வரைந்த பூவுக்கு மூன்று வரி விளக்கம் எழுதிய அதே நபர், கேள்விகளுக்கு அடிப்படையான நூலக நிகழ்ச்சி விளம்பரத்தை "நிகழ்ச்சி பற்றிய விளம்பரம்" என்று முடித்துவிட்டார். விளம்பரத்தில் இருந்த நாள், நேரம், இடம், கட்டணம் எல்லாவற்றையும் அதே வரிசையில் எழுத்தாகத் தந்திருந்தால்தான் மாணவி விடை எழுத முடியும். பூவைப் பற்றி "அலங்காரப் படம்" என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஓரிடத்தில் குழு அசத்தியது என்றே சொல்வேன். தீவின் வரைபடம் ஒன்று இருந்தது. அதைச் சொற்களால் விளக்க முயலாமல், சூடேற்றினால் கறுப்புக் கோடுகள் மட்டும் புடைத்தெழும் தாளில் அச்சிட்டுத் தந்தார்கள். அச்சு நூலின் படத்தில் இருந்த வண்ணமும் மரங்களும் கப்பல்களும் நீக்கப்பட்டு, கரையோரமும் கேள்விகளில் வரும் ஐந்து இடங்களும் மட்டும் இருந்தன. மாணவி வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே கரை வரை விரலை ஓட்டிவிட்டு, "இவ்வளவு சின்னதா?" என்றார்.

பெரிய எழுத்துப் பதிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து ஏ3 தாளில் பெரிதாக்குவதைவிட இது மேல்; பெரிய எழுத்தில் மறுபடி வரிசைப்படுத்தி, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். மெல்லிய கோடுகள் இல்லாத எழுத்துரு என்பதால் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. கி, கீ இரண்டின் சுழி வேறுபாடும் தெரிகிறது. ஆனால் மாணவர் இரண்டாம் பள்ளித் தவணையிலிருந்து மின்னூலைத்தான் திறக்கிறார். அதில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம், கண் சோர்ந்தால் குரலுக்குத் தாவலாம். தேர்வுத் தாளைப் பெரிய எழுத்தில் கேட்டு வாங்கப் போகிற மாணவருக்கு, அந்த அளவுக்குக் கண்ணைப் பழக்க ஓர் அலகை மட்டும் தாளில் வாங்கினால் போதும்; முழு நூலுக்கும் கொடுத்த பணம் வீண்.

கட்டணம் நியாயமானதே. மின்னூலுக்கு ஆன செலவு, ஒரு மாதத் துணைப்பாட வகுப்புக்குப் பெற்றோர் கொடுப்பதைவிடக் குறைவு. பிரெயில் தாளுக்குப் பக்கக் கணக்கில் வாங்குகிறார்கள், அதுதான் ஏறிவிடுகிறது. சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கான துணைக்கருவி நிதியின் கீழ் மின் பிரெயில் கருவி போன்றவற்றுக்கு, தகுதியுள்ளோர் வாழ்நாளில் 40,000 வெள்ளி வரம்புக்குள் 90 விழுக்காடு வரை மானியம் பெறலாம். ஆனால் அது கருவிக்கான நிதி. கருவியில் படிக்க வேண்டிய தமிழ் நூலை மாற்றும் செலவு எங்கள் அனுபவத்தில் குடும்பத்தின் பையிலிருந்துதான் போயிற்று. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவிக்கு வழி இருந்தும், அதில் போடப் பாடநூல் இல்லாமல் பள்ளியாண்டைத் தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது கல்வி அமைச்சும் பதிப்பாளர்களும் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். பதிப்பாளரிடம் மூலக்கோப்பு இருக்கும்போது, ஒருவர் அச்சு நூலைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருப்பது எனக்கு இன்றும் விளங்காத கணக்கு.

காலத்தாழ்வு இச்சேவையின் பெரிய குறை. முதல் அலகுகள் பள்ளி திறக்கும் முன்பே வந்தன. நடு அலகுகள், வகுப்பில் அந்தப் பாடத்தைத் தொடங்கிய பிறகுதான் வந்தன. அந்த வாரங்களில் மாணவி மீண்டும் பிறர் வாசிக்கக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். தொலைபேசியில் பேசிய அம்மையார் பணிவாகவும் உண்மையாகவும் பேசினார். ஆள் போதவில்லை என்பதே காரணம். பிழையைச் சுட்டி மின்னஞ்சல் அனுப்பினால் இரண்டொரு நாளில் திருத்திய கோப்பு வந்துவிடுகிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. திருத்தியவை எவை என்ற குறிப்பும் உடன் வருகிறது. மாணவி முழுக் கோப்பையும் மறுபடி துழாவ வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்கள் நவம்பரில் பாடநூல் பட்டியல் வந்ததும் கொடுத்துவிடுங்கள். ஜனவரிக்குக் காத்திருந்தால் முதல் பள்ளித் தவணை போய்விடும். நூலின் பதிப்பாண்டைப் பார்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் பயிற்சிகளின் வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். மாதிரிப் பக்கம் கேட்டால் உரைநடைப் பக்கத்தை வாங்காதீர்கள். படமும் கோடிட்ட இடங்களும் ஆண்டு எண்களும் உள்ள பயிற்சிப் பக்கத்தைக் கேளுங்கள், அதைப் பிரெயில் படிக்கும் பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள். உயர்நிலை ஒன்றாம் வகுப்பு நூலின் கோப்பு இப்போது திருத்தப்பட்ட நிலையில் அக்குழுவிடம் இருக்கிறது. அதே பதிப்பை அடுத்துக் கேட்பவர்களிடம் மாற்றுவதற்கான கட்டணத்தை வாங்கமாட்டோம், தாள் செலவு மட்டுமே என்று எங்களுக்கு எழுதித் தந்துள்ளனர். எனவே எந்தச் சேவையை அணுகினாலும், இந்த நூலை ஏற்கெனவே யாருக்காவது செய்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.